ஈடுகட்ட முடியாத ஊருணி: ஈரநில வங்கியும் செட்டிநாட்டு நீர்க்கணக்கும்

காரைக்குடியில் மழைநீர் நிறைந்து நிற்கும் ஓர் ஊருணி, இந்தியச் சட்டத்தின் பார்வையில் ஈரநிலம் அன்று. 2017 செப்டம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர்கள் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்னும் வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. ஊருணி குடிநீருக்காக வெட்டப்பட்டது. கண்மாய் பாசனத்துக்காகக் கரை கட்டப்பட்டது. ஆகவே காரைக்குடி அடங்கிய செட்டிநாட்டின் நீர்நிலைகளில் ஏறத்தாழ எல்லாமே அந்த விதிகளின் காவலுக்கு வெளியே நிற்கின்றன. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இயற்கை, செயற்கை என்று பிரித்துப் பார்க்கவில்லை. அதன் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள்தாம். உலகப் பட்டியலில் கண்மாய்க்கு இடம் உண்டு. உள்நாட்டு விதியின் வரையறையில் இல்லை.

தமிழ்நாடு அரசு 2007இல் இயற்றிய ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கே பொருந்தும். நூறு ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டுள்ள சிறு கண்மாய்களும் ஊர் நடுவே உள்ள ஊருணிகளும் உள்ளாட்சிகளின் கையில் இருப்பவை. அவற்றைக் காக்க நில ஆக்கிரமிப்புச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் உள்ளாட்சியின் மனச்சான்றுமே மிச்சம்.

இப்படிக் காவல் மெலிந்த இடத்தில்தான் ஈடுகட்டுதல் என்னும் யோசனை எளிதாக நுழையும். ஓரிடத்தில் நீர்நிலையை அழிக்க வேண்டியிருந்தால் வேறோரிடத்தில் ஒன்றைச் சீரமைத்துக் கணக்கை நேர்செய்துவிடலாம் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் இது ஈரநில வங்கி என்ற பெயரில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் அப்படியொரு ஏற்பாடு சட்டமாகவில்லை. ஆனால் காட்டுக்கு அந்தத் தர்க்கத்தை ஏற்கெனவே ஏற்றுவிட்டோம்: காட்டு நிலத்தை எடுப்பவர் வேறிடத்தில் மரம் வளர்க்கப் பணம் கட்டுவதற்கான ஈட்டுக் காடுவளர்ப்பு நிதிச் சட்டம் 2016இல் வந்தது. 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பசுமை வரவு விதிகள், வரவு ஈட்டக்கூடிய செயல்பாடுகளில் நீர் மேலாண்மையையும் சேர்த்திருக்கின்றன. நீர்நிலைகளும் வரவு செலவுக் கணக்குக்குள் வரும் காலம் தொலைவில் இல்லை. அந்தக் கணக்கு வருமுன் அதில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று நாம் தெளிந்திருக்க வேண்டும். வங்கியின் ஒழுங்கை ஏற்கலாம், அதன் பரிமாற்றத்தை ஏற்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குக் காரணம் செட்டிநாட்டு நீர்நிலைகள் கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

மழையை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் ஊர்

காரைக்குடிக்கு வற்றாத ஆறு கிடையாது. சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். நீர்நிலைகளை நிரப்புவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் நீரை அடுத்த ஆண்டு வரை வைத்துக்கொள்ளத் தெரிந்ததால்தான் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த இந்த மேட்டு நிலத்தில் இத்தனை ஊர்கள் எழுந்தன.

அந்த ஏற்பாடு வீட்டிலிருந்தே தொடங்குகிறது. நகரத்தார் வீடுகளில் ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கூரைநீர் முற்றத்தில் இறங்கி, அண்டாக்களிலும் கிணற்றிலும் சேர்ந்ததுபோக, மிச்சம் தெருக் கால்வாய்க்குப் போகும். தெருக்கள் நேர்கோட்டில், நீர் ஓடும் சரிவைப் பார்த்து அமைந்தவை. கால்வாய்களின் நீர் ஊருணியைச் சேரும். ஊருணிக்குக் கரை உண்டு, நீர் வரும் வரத்துக்கால் உண்டு, வண்டல் படியும் குழி உண்டு, இறங்கக் கற்படிகள் உண்டு, மிகுநீர் வெளியேறப் போக்கு உண்டு. அந்த மிகுநீர் கண்மாய்க்குப் போகும். கண்மாய் நிறைந்தால் கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு இறங்கும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்க்கப்பட்டபோது மாளிகைகளோடு இந்த நீர் அமைப்பும் அவற்றின் சிறப்பாகக் குறிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது தொடர்ச்சி. கூரை, முற்றம், தெரு, ஊருணி, கண்மாய், அடுத்த கண்மாய் என்று நீர் இறங்கும் பாதை முழுவதும் ஒரே அமைப்பு. அதில் எந்த உறுப்பும் தனியாக இயங்குவதில்லை. ஊருணியின் அடியில் படிந்த களிமண் நீரை நிறுத்தி வைக்கிறது. கரையோரம் கசியும் நீர் சுற்றுவட்டக் கிணறுகளை ஊற வைக்கிறது. காரைக்குடிக்குப் பெயர் வாங்கித் தந்த சம்பை ஊற்றின் நீரும் நிலத்துக்குள் இறங்கிய மழைநீர்தான். மேலே உள்ள வரத்துக்காலை மண் போட்டு மூடினால், கீழே உள்ள ஊருணியை எவ்வளவு செலவிட்டுச் செப்பனிட்டாலும் அது வெறும் பள்ளமாகவே கிடக்கும்.

இந்த ஒழுங்கைப் போற்றும்போது அதன் கொடுமையை மறைக்கக் கூடாது. குடிநீர் ஊருணியில் எல்லாச் சாதியினரும் குடம் மொள்ள முடிந்ததில்லை. பழைய ராமநாதபுரம் சீமையின் பல ஊர்களில் தலித் மக்களுக்குத் தனி ஊருணி, அதுவும் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. மீட்பு என்ற சொல் அந்தப் பழைய தடையையும் சேர்த்து மீட்பதாகிவிடக் கூடாது. சீரமைக்கப்படும் ஒவ்வோர் ஊருணியும் ஊரில் உள்ள அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். ஓரத்தில் விடப்பட்ட ஊருணிகள் சீரமைப்புப் பட்டியலின் தொடக்கத்தில் வர வேண்டும்.

வங்கி எப்படி இயங்குகிறது

அமெரிக்காவின் 48 மாநிலப் பெருநிலப்பரப்பில் 1780களில் இருந்த ஈரநிலங்களில் பாதிக்கு மேல் 1980களுக்குள் அழிந்துவிட்டன. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், ஈரநிலத்தில் மண் கொட்டி நிரப்ப ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும் என்றது. 1980களின் இறுதியில் நிகர இழப்பு கூடாது என்ற கொள்கை வந்தது. அழிப்பதைத் தவிர்க்கப் பார், முடியாவிட்டால் குறைக்கப் பார், அதுவும் முடியாத பகுதிக்கு ஈடு செய் என்பது அதன் வரிசை.

ஈடு செய்யும் வழிகளில் ஒன்றுதான் வங்கி. ஒரு நிறுவனமோ நகராட்சியோ சிதைந்துபோன ஈரநிலம் ஒன்றை வாங்குகிறது அல்லது தன் பூங்கா நிலத்தை ஒதுக்குகிறது. வடிகால்களை அடைத்து நீரைத் திரும்பக் கொண்டுவருகிறது; அந்நியச் செடிகளை அகற்றி அந்த மண்ணுக்குரியவற்றை நடுகிறது. அரசுத் துறைகளின் கூட்டுக் குழு நிலத்தின் தரத்தை அளந்து அதற்கு இத்தனை வரவு என்று நிர்ணயிக்கிறது. சாலையோ கடைவளாகமோ கட்டுவதற்காக வேறு ஈரநிலத்தை நிரப்புபவர் அந்த வரவுகளை விலை கொடுத்து வாங்கி, தன் சட்டக் கடமையைத் தீர்த்துக்கொள்கிறார். கையில் பணமில்லாத நகரங்கள் தம் பூங்காக்களின் ஈரநிலத்தை மீட்க இது ஒரு நிதிவழியாகவும் அமைகிறது.

2008இல் ராணுவப் பொறியாளர் படையும் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து வகுத்த விதிகள் இந்த ஏற்பாட்டுக்கு உறுதியான முதுகெலும்பைத் தந்தன. நிலம் நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட்டதற்குச் சட்டப் பத்திரம் வேண்டும். வேலை கெட்டுப்போனால் சரிசெய்யப் பிணைத்தொகை வேண்டும். வரவு மொத்தமாகக் கிடைக்காது. நீர் தங்குகிறதா, செடிகள் நிலைத்தனவா என்று பார்த்துப் பார்த்துத் தவணையாக விடுவிக்கப்படும். குறைந்தது ஐந்து ஆண்டுக் கண்காணிப்பு கட்டாயம். அதன் பிறகும் பராமரிக்க நிலையான நிதி ஒதுக்கியிருக்க வேண்டும். ஈடு செய்யும் இடத்தை அந்த ஆற்றுப்படுகையின் தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கில் வராத இழப்பு

அந்த நாட்டு அனுபவம் நமக்கு மூன்று எச்சரிக்கைகளைத் தருகிறது.

முதலாவது, காகிதத்தில் உள்ள ஏக்கர் மண்ணில் இருப்பதில்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமம் 2001இல் வெளியிட்ட அறிக்கை, ஈடு செய்வதாக ஒப்புக்கொண்ட பல திட்டங்கள் நிறைவேறவே இல்லை என்றும், நிகர இழப்பு கூடாது என்ற இலக்கு எட்டப்படவில்லை என்றும் முடிவு கூறியது. 2008 விதிகள் கடுமையானதற்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, மீட்டெடுத்த ஈரநிலம் பழைய ஈரநிலத்துக்கு நிகராவதில்லை. மொரேனோ மட்டியோஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் உலகெங்கும் 621 இடங்களின் தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. சீரமைத்து நூறாண்டு ஆன பின்னும், தாவரங்களைப் பெரிதும் சார்ந்த உயிரியல் கட்டமைப்பு சராசரியாக 26 சதவீதமும், மண்ணில் கரிமம் சேர்வது போன்ற உயிர்வேதிச் செயல்பாடுகள் 23 சதவீதமும் தீண்டப்படாத ஈரநிலங்களைவிடக் குறைவாகவே இருந்தன. குளிர் மிகுந்த பகுதிகளைவிட வெப்பப் பகுதிகளிலும், சிறிய துண்டுகளைவிடப் பரந்த நிலங்களிலும், நீர் வந்து போகும் தொடர்புள்ள இடங்களிலும் மீட்சி விரைவாக நடந்தது என்பதும் அதே ஆய்வின் கண்டுபிடிப்பு. காரைக்குடிக்கு இதில் நம்பிக்கையும் உண்டு, நிபந்தனையும் உண்டு. வெயில் நமக்குத் துணை; வரத்துக்கால் அறுந்திருந்தால் அந்தத் துணையால் பயனில்லை.

மூன்றாவது எச்சரிக்கைதான் ஒரு நகரத்துக்கு மிக முக்கியமானது. ரூல், சால்ஸ்மன் என்ற இரு சட்ட அறிஞர்கள் ஃபுளோரிடா மாநில வங்கிகளை ஆராய்ந்து 2006இல் எழுதியதன்படி, ஈரநிலங்கள் நகரத்திலிருந்து நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்தன. நகர நிலம் விலை கூடியது, நாட்டுப்புற நிலம் மலிவு. சந்தை தன் இயல்பின்படி மலிவான இடத்தில் ஈடு செய்தது. மொத்தக் கணக்கில் ஏக்கர் குறையவில்லை. ஆனால் வெள்ளத்தைத் தாங்கிய, நீரைத் தெளியவைத்த, காற்றைக் குளிர்வித்த நிலத்தை நெருக்கமாக மக்கள் வாழும் பகுதி இழந்தது. ஆள் குறைந்த பகுதி அதைப் பெற்றது.

இதைச் செட்டிநாட்டில் பொருத்திப் பார்க்கலாம். காரைக்குடியின் கழனிவாசல் பக்கம் ஓர் ஊருணியை மனைப்பிரிவுக்கு விட்டுவிட்டு, அதற்கு ஈடாகத் தேவகோட்டைச் சாலையில் ஒரு கண்மாயை ஆழப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். கனமீட்டர்க் கணக்கு நேராகிவிடும். ஆனால் கழனிவாசல் கிணறுகளுக்கு ஊறல் நின்றுவிடும். அந்தத் தெருக்களில் பெய்யும் மழைக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். அந்த ஊருணியின் மிகுநீரை நம்பியிருந்த கீழ்க்கண்மாய் வறளும். தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாலும் குப்பைமேட்டாலும் சுருங்கிய பிறகு, 2015 டிசம்பர் வெள்ளத்தில் சுற்றுப்புறங்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த இழப்பை வேறு மாவட்டத்து ஏரி எதுவும் ஈடுகட்டியிருக்காது.

நீதிமன்றம் மறுத்த பேரம்

காசு கொடுத்துக் கணக்கை நேர்செய்யும் யோசனையை இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கிய வழக்கில் ஏற்க மறுத்திருக்கிறது. பஞ்சாபின் பட்டியாலா மாவட்டத்தில் ரோகர் ஜாகீர் என்ற ஊரின் குளத்தை நிரப்பிச் சிலர் வீடு கட்டிக்கொண்டார்கள். ஊராட்சி வழக்குப் போட்டது. வீடுகளை இடிப்பது பொதுநலன் ஆகாது, நிலத்தின் விலையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாவட்ட ஆட்சியர் நிலையில் முடிவானது. மேல்முறையீடுகளைக் கடந்து வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, 2011 ஜனவரி 28 அன்று வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் அந்தப் பேரத்தைத் தவறு என்றது. ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமித்தவர் எவ்வளவு காலம் இருந்தாலும், எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும் அதற்காக முறைப்படுத்தக் கூடாது என்றும், எல்லா மாநிலங்களும் ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. குளங்கள் சமுதாயத்தின் பொதுச் செல்வம் என்று 2001லேயே ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் கூறப்பட்ட கருத்தின் தொடர்ச்சி இது.

நம் ஊர்களின் நியாய உணர்வும் இதுவே. ஊருணி ஊருக்குப் பொது. அதை விற்க இன்றிருக்கும் தலைமுறைக்கு உரிமை கிடையாது. விற்கக் கூடாத ஒன்றுக்குச் சந்தையில் ஈடு தேடுவது அடிப்படையிலேயே பிழை.

பூங்கா ஆக்குவதா, ஈரநிலம் ஆக்குவதா

பரிமாற்றத்தை மறுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. மீட்பு என்ற பெயரில் நகரங்களில் நடப்பவற்றையும் கூர்ந்து பார்க்க வேண்டும். நீர்நிலையைச் சுற்றிச் செங்குத்தான கான்கிரீட் சுவர், அதன்மேல் நடைபாதை, அலங்கார விளக்கு, படகுத்துறை என்பது இன்று பல நகரங்களில் வழக்கமான வடிவம். நடக்க இடம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் செங்குத்துச் சுவர் ஈரநிலத்தின் உயிரையே எடுத்துவிடுகிறது. கரையோரத்து ஆழமற்ற நீரில்தான் கோரையும் சம்பும் வேர்பிடிக்கும். அங்கேதான் மீன் குஞ்சு பொரிக்கும், தவளை முட்டையிடும், உள்ளான் குருவி சேற்றைக் கிளறி இரை எடுக்கும். கழிவுநீரின் சத்துகளை உறிஞ்சுவதும் அந்த ஓரத்துத் தாவரங்களே.

தூர் வாருவதிலும் இதே கவனம் வேண்டும். வண்டலை அகற்றுவது வேறு, அடிக்களியைப் பெயர்ப்பது வேறு. பொக்லைன் இயந்திரம் களிப்படலத்தைக் கிழித்துவிட்டால், தேங்க வேண்டிய நீர் கீழே உள்ள செம்புறாங்கல் அடுக்குக்குள் வடிந்துவிடும். ஆழம் கூடினால் கொள்ளளவு கூடும் என்ற கணக்கு எல்லா ஊருணிக்கும் பொருந்தாது.

சென்னையில் அடையாறு கழிமுகத்தில் 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா வேறொரு வழியைக் காட்டியது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தில் இடிபாடுகளை அகற்றி, நீர் புழங்கும் தடங்களைத் திரும்ப வெட்டி, அந்த நிலத்துக்குரிய மரஞ்செடிகளை நட்டார்கள். பொழுதுபோக்கைவிடச் சூழல் கல்விக்கு முதலிடம் தந்தார்கள். அரசுப் பணத்தில், பூங்காவுக்குள்ளேயே செய்யப்பட்ட மீட்பு அது. எந்த ஈரநிலத்தின் அழிவுக்கும் அது விலையாக வைக்கப்படவில்லை.

நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். மொத்தம் 38.4 எக்டேர்தான். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் இராக்கொக்கும் நீர்க்காகமும் அங்கே கூடு கட்ட வருகின்றன. பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பாசனத்துக்குக் கட்டிய கண்மாய் முழுமையான ஈரநிலமாக வாழ முடியும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டாம்.

மகமையின் மண்ணில் நீர்க்கணக்கு

வங்கி செட்டிநாட்டுக்குப் புதிதன்று. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தன் கதவைத் திறந்தபோது சென்னை, ரங்கூன் ஆகியவற்றோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் திறந்தது. அதற்கு வெகு முன்பே பர்மா, மலாயா, இலங்கை எங்கும் லேவாதேவி நடத்திய நகரத்தார், வணிக வரவில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். கோயில் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் கல்விக்கும் பிற அறங்களுக்கும் பயன்பட்ட அந்தப் பணத்தின் வழக்கத்தை மானிடவியலாளர் டேவிட் ரட்னர் 1994இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மகமை எந்தத் தவற்றுக்கும் ஈடாகக் கட்டிய தொகை கிடையாது. தொழில் நடக்கும் வரை தொடரும் கடமை அது. ஈரநில வங்கியிடம் நாம் எடுக்க வேண்டிய ஒழுங்கை இந்த மரபின் மேல் கட்டலாம்.

2011 கணக்கெடுப்பில் 1,06,000க்கும் மேல் மக்கள்தொகை கொண்டிருந்த காரைக்குடி, 2024இல் சுற்றுவட்டாரப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆயிற்று. எல்லை விரியும் இந்த நேரத்தில்தான் புதிய மனைப்பிரிவுகள் பெருகும், பழைய வரத்துக்கால்கள் மறையும். செய்ய வேண்டியவை தெளிவானவை.

ஒன்று: செஞ்சை நாட்டார் கண்மாய், அதலைக் கண்மாய் முதல் தெருமுனை ஊருணி வரை ஒவ்வொன்றையும் அதன் புல எண், கரை, வரத்துக்கால், மிகுநீர்ப் போக்கு, நீர்ப்பிடிப்பு எல்லாவற்றோடும் ஒரே அலகாகப் பதிய வேண்டும். வரத்துக்கால் இல்லாத பதிவு பாதிப் பதிவு. மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் இந்தப் பதிவேட்டைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும்.

இரண்டு: சீரமைப்புப் பணத்தைத் தவணையாக விடுவிக்க வேண்டும். கரை கட்டியதற்கு ஒரு பங்கு, முதல் மழையில் நீர் வந்து நின்றதற்கு ஒரு பங்கு, கழிவுநீர் கலப்பது நின்றதற்கு ஒரு பங்கு, நாட்டுத் தாவரங்கள் நிலைத்ததற்கு ஒரு பங்கு என்று ஐந்து ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம். நீரையும் உயிரினங்களையும் அளக்க இந்த ஊரிலேயே அழகப்பா பல்கலைக்கழகமும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. அளவுகளை வார்டு தோறும் மக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு நீர்நிலைக்கும் அழியாத பராமரிப்பு நிதி வேண்டும். மீன் ஏலத் தொகையும் கருவேல மர ஏலத் தொகையும் பொதுக்கணக்கில் கரையாமல் அந்த நீர்நிலைக்கே திரும்ப வேண்டும். ஊரை விட்டு வெளிநாடுகளிலும் பெருநகரங்களிலும் வாழும் குடும்பங்கள் கோயிலுக்குத் தரும் பங்கில் சிறிதை ஊருணிக்கு மகமையாக வைக்கலாம்.

நான்கு: எந்த நீர்நிலையையும் பரிமாற்றத்துக்கு விடக் கூடாது. ரயில்பாதை, பெருஞ்சாலை போன்ற தவிர்க்கவே முடியாத பொதுப்பணி ஒரு கண்மாயின் ஓரத்தைத் தொட நேர்ந்தால், அதே நீர்த்தொடரில், வேலை தொடங்குமுன், இழப்பைவிட அதிகமாகச் சீரமைத்துக் காட்டிய பிறகே அனுமதி தர வேண்டும்.

இவற்றில் முதலாவதை மாநகராட்சி நாளையே தொடங்கலாம். வருவாய்த் துறையின் பழைய நில வரைபடங்களும், எந்தக் கால் எங்கே ஓடியது என்று சொல்லத் தெரிந்த முதியவர்களும் இன்றைக்கு உண்டு. இன்னும் இருபது ஆண்டில் அந்த நினைவு இருக்காது. ஈரநிலம் என்ற பெயரை ஒன்றிய அரசின் விதிகள் மறுத்தாலும், தன் எல்லைக்குள் இருக்கும் ஊருணிகளை ஈரநிலமாக நடத்தக் காரைக்குடிக்குத் தடை ஏதும் இல்லை. தன் நீர்க்கணக்கைத் தானே எழுதி, தானே தணிக்கை செய்து, ஒரு வரத்துக்காலைக்கூட விலைபேச மறுக்கும் முதல் தமிழக நகரமாக அது ஆக வேண்டும். அதற்கான அறிவும் பணமும் அறவழக்கமும் இந்த மண்ணில் முன்பே இருக்கின்றன; தேவைப்படுவது மாமன்றத்தின் ஒரு தீர்மானமும், அதை ஆண்டுதோறும் கேள்வி கேட்கும் மக்களும்.